பெர்லின் நடுவே 300 ஹெக்டேர் வெட்டவெளி

மே 7, 2024, செவ்வாய்

அக்கா மகள் குடியிருப்பது பெர்லினின் நொய்க்கோல்ன் பகுதியில். ஐந்து மாடிக் கட்டடங்கள் தெருவின் இரு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. நடுவே ஒரு கை நுழைய இடமில்லை. அவள் வீடு நான்காம் மாடியில், லிஃப்ட் கிடையாது. பெட்டிகளோடு ஏறி முடித்ததும், இனி இறங்கினால் ஊருக்குக் கிளம்பும் அன்றுதான் என்று அறிவித்துவிட்டேன். பேரன் விடவில்லை.

அவனுக்கு ஆறு வயது. காலால் உந்தி ஓட்டும் ஸ்கூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து, "தாத்தா, ஏர்போர்ட்டுக்குப் போகலாம்" என்றான். நேற்று ராத்திரிதான் ஏர்போர்ட்டிலிருந்து வந்தேன், மறுபடியும் எதற்கு என்று அவன் அம்மாவைப் பார்த்தேன். "போய்விட்டு வாருங்கள் மாமா, மூன்று தெரு தள்ளித்தான்" என்றாள்.

தெரு முடிந்த இடத்தில் ஒரு கம்பி வேலி, அதில் திறந்த கதவு. கதவுக்கு அப்பால் ஊரே இல்லை. புல்வெளி, அதற்கு நடுவில் சாம்பல் நிறக் காங்கிரீட் பட்டை, வெகுதூரத்தில் நீளமாக ஒரு கட்டடம், மீதியெல்லாம் வானம். மரம் என்று பார்த்தால் ஓரங்களில் மட்டும். பாதி தூரம் போனால் திரும்பிப் பார்க்கையில் நாம் வந்த தெரு எது என்று தெரியாது.

நான் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து, பிறகு பிடிக்கச் சொல்லி, ஓய்வு பெற்றவன். எந்த இடத்தைப் பார்த்தாலும் மனம் ஏக்கருக்குத்தான் போகும். இது டெம்பல்ஹோஃப் என்ற பழைய விமான நிலையம், இப்போது பூங்கா. பரப்பு 300 ஹெக்டேர், நம் கணக்கில் 741 ஏக்கர். சுற்றிலும் சுரங்க ரயில் நிலையங்கள், பஸ், பள்ளிக்கூடம், ஜனநெருக்கம். இதே நிலம் எங்கள் மாவட்டத்தில் ஊர் நடுவே கிடந்திருந்தால், ஒரு மூலையில் கோயில், ஒரு மூலையில் கட்சிக்கொடி, நடுவில் கல்யாண மண்டபம் என்று எப்போதோ முடிந்திருக்கும். இங்கே ஒரு சென்ட்கூட யாரும் வளைக்கவில்லை. சந்தேகமாக இருந்தது.

டெம்பல்ஹோஃப் விமான நிலையம் 2008 அக்டோபர் 30ஆம் தேதி மூடப்பட்டது. 2010 மே மாதம் வேலியில் கதவைத் திறந்து மக்களை உள்ளே விட்டார்கள். பூங்கா ஆக்கினார்கள் என்றால் பூச்செடி நட்டு, நீரூற்று வைத்து, சிமெண்ட் யானை செய்து என்று நினைக்க வேண்டாம். விமானத்தை நிறுத்தினார்கள், கதவைத் திறந்தார்கள், அவ்வளவுதான்.

காற்று பலம். மே மாதம் என்றாலும் காதுமடல் சில்லென்று ஆகிவிட்டது. ஓடுபாதைக்குப் போவதற்குள் என் தொப்பி பறந்து புல்லுக்குள் உருண்டது. எடுக்கப் போனேன், கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். தரையில் கூடு கட்டும் பறவைகள் முட்டையிடும் காலம், உள்ளே வராதீர்கள் என்று பலகை. அந்தப் பறவை வானம்பாடி. கயிற்றுக்கு அப்பாலிருந்து ஒன்று செங்குத்தாக மேலே எழும்பி, ஒரே இடத்தில் சிறகடித்தபடி நிறுத்தாமல் பாடியது. இறங்கும்போது பாட்டை நிறுத்திவிட்டுக் கல் விழுகிற வேகத்தில் புல்லுக்குள் போய்விட்டது. நல்லவேளையாகத் தொப்பி கயிற்றில் சிக்கிக்கொண்டது. சக்கரக் காலணியில் வந்த ஒரு இளம்பெண் குனிந்து அதை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள். நிற்கவுமில்லை, சிரிக்கவுமில்லை. நான் நன்றி சொன்னபோது அவள் ஐம்பது மீட்டர் தள்ளி இருந்தாள். இந்த ஊரில் உதவி கிடைக்கும், உபசாரம் கிடைக்காது போலிருக்கிறது.

மே 8, புதன்

காலையில் தனியாகப் போனேன். நோக்கம் ஒன்றுதான்: ஓடுபாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடக்க வேண்டும்.

விமான ஓடுபாதைகளின் எண்ணில் எங்கள் தொழிலுக்கு நெருக்கமான ஒரு விஷயம் இருக்கிறது. காம்பஸில் அந்தப் பாதை காட்டும் திசைக்கோணத்தைப் பத்தால் வகுத்துக் கிடைப்பதுதான் எண். இங்கே ஏறத்தாழ கிழக்கு மேற்காக இரண்டு ஓடுபாதைகள் உண்டு. கிழக்கு முனையிலிருந்து மேற்கே பார்த்தால் 270 பாகை, ஆகவே 27. மறுமுனையிலிருந்து பார்த்தால் 90, ஆகவே 09. போனில் இருக்கும் காம்பஸை எடுத்து வைத்துச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது. யாரும் கேட்கவில்லை, ஆனாலும் திருப்தி.

வடக்கு ஓடுபாதை இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். எதிர்க்காற்றில் நடப்பது வேலைதான். விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும். அதற்காகவே மேற்குக் காற்றுக்கு முகம் கொடுத்து இதைப் போட்டிருக்கிறார்கள். காங்கிரீட் பலகைகளின் இணைப்புகளில் தார் ஊற்றியிருக்கிறார்கள். தார் விட்டுப்போன இடங்களில் புல் முளைத்திருக்கிறது. மஞ்சள் கோடுகள் இன்னும் முழுதாக அழியவில்லை. அந்தக் கோட்டின்மேல் ஒரு தந்தை மகளுக்குச் சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்தார். நாலு சக்கரப் பலகை ஒன்றில் பட்டம் கட்டி, காற்று இழுக்க மோட்டார் சைக்கிள் வேகத்தில் ஒருவர் என்னைக் கடந்தார். மணியோ ஹாரனோ கிடையாது. துணி படபடக்கும் சத்தம் கேட்டால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த மைதானத்தில் ஆர்வில் ரைட் 1909இல் விமானம் ஓட்டிக் காட்டியிருக்கிறார். அதற்கு முன்பு பிரஷ்ய ராணுவத்தின் அணிவகுப்புத் திடல். 1923இல் முறைப்படி விமான நிலையமானது. லுஃப்தான்சா 1926இல் தொடங்கியதும் இதுவே அதன் தாய்வீடு.

திரும்பும்போது கிழக்கு ஓரத்தில் இருக்கும் மக்கள் தோட்டத்துக்குள் நுழைந்தேன். 2011இலிருந்து நடக்கிறது. தரையைத் தோண்டுவதில்லை, எல்லாமே பெட்டிகளுக்குள்தான். சரக்கு ஏற்றும் மரச்சட்டங்களைப் பிரித்துச் செய்த பெட்டிகள், பழைய குளியல் தொட்டி, குழந்தைத் தள்ளுவண்டி, உடைந்த அலமாரி இழுப்பறை என எது கிடைத்ததோ அதில் மண் போட்டுக் கீரையும் புதினாவும் வளர்க்கிறார்கள். நடுவே கோணல்மாணலாக மர இருக்கைகள். ஒன்றில் உட்கார்ந்தேன். பக்கத்துப் பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மூதாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்து ஆங்கிலத்தில், "உட்காரலாம். பறிக்கக் கூடாது" என்றார். பறிக்கும் எண்ணம் எனக்கு இல்லை என்று சொல்வதற்குள், தன் பெட்டியிலிருந்து ஒரு புதினாக் கொத்தைக் கிள்ளி நீட்டினார். பறிக்கக் கூடாது என்பது சட்டம், கொடுக்கலாம் என்பது அவர் உரிமை.

கதவருகே குப்பைத் தொட்டியைக் கவனித்தேன். காலி பாட்டில்களை யாரும் உள்ளே போடுவதில்லை; தொட்டிக்குக் கீழே வரிசையாக நிறுத்திவைத்துவிட்டுப் போகிறார்கள். பிளாஸ்டிக் பாட்டிலையோ டின்னையோ கடையில் இருக்கும் இயந்திரத்தில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட், கண்ணாடி பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். சேகரிக்க ஆட்கள் வருகிறார்கள். இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் காலணியுமாக ஒரு பெரியவர் வந்தார். ஓய்வூதியக்காரர் என்று பார்த்ததும் தெரிந்தது, எனக்கு அந்த இனம் நன்றாகவே தெரியும். பாட்டில்களைத் துணிப்பையில் சத்தம் வராமல் ஒவ்வொன்றாக அடுக்கினார். தொட்டிக்குள் கைவிட வேண்டிய அவமானம் அவருக்கு வரக் கூடாது என்றுதான் குடித்தவர்கள் வெளியே வைக்கிறார்கள் என்று பிறகு அக்கா மகள் சொன்னாள். அப்படியானால் நேற்று எழுதிய உபசாரம் பற்றிய வரியைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்.

மதியம் டோனர் கபாப். 7 யூரோ, நம் பணத்தில் அறுநூறு ரூபாய்க்கு மேல். கடைக்காரர் மூலிகை, பூண்டு, காரம் என்று மூன்று சாஸ்களைக் காட்டி எது என்றார். காரம் என்றேன். உறுதியாகவா என்று இரண்டு தடவை கேட்டார். அவர்கள் காரம் நம் வீட்டில் குழந்தைக்கு ஊட்டும் குழம்பு. அளவு மட்டும் இரண்டு பேருக்குக் காணும்.

மே 9, வியாழன்

பால் தீர்ந்துவிட்டது, வாங்கி வருகிறேன் என்று இறங்கினேன். சூப்பர் மார்க்கெட் மூடியிருந்தது. அடுத்ததும் மூடல். மருந்துக்கடை, பேக்கரி, எல்லாம் மூடல். ஏசு விண்ணேறிய நாளாம், நாடு முழுக்க விடுமுறை. வீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் இது நினைவில்லை. கடைசியில் மூலையில் இருந்த இரவுக்கடை ஒன்றில் ஒரு லிட்டர் 2 யூரோவுக்குக் கிடைத்தது. பணமாகத்தான் வேண்டும் என்றார்கள். உலகத்துக்கே இயந்திரம் செய்து விற்கும் நாட்டில் கார்டு செல்லாத கடைகள் இத்தனை இருப்பது எனக்கு விளங்கவே இல்லை.

இதே நாளைத் தந்தையர் தினமாகவும் கொண்டாடுகிறார்கள். கொண்டாட்டம் என்பது, ஆண்கள் கூட்டமாகக் கைவண்டியில் பீர் பெட்டிகளை ஏற்றித் தள்ளிக்கொண்டு ஊர்வலம் போவது. பத்து மணிக்கே வண்டிகள் மைதானத்துக்குள் வந்துவிட்டன. வெயிலும் வந்துவிட்டது. நேற்றுவரை வெறிச்சென்று இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் ஜனம். ஆனால் நெரிசல் இல்லை. 741 ஏக்கரில் ஆயிரக்கணக்கானவர்கள் எம்மாத்திரம்.

அடுப்பு மூட்டி இறைச்சி சுடுவதற்கென்று தனி இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே துருக்கிக் குடும்பங்கள்தான் ராஜா. கம்பளம், பாத்திரங்கள் என்று ஊஞ்சல் கட்டிலைத் தவிர எல்லாமே வந்திருந்தது. பேரன் ஒரு அடுப்புக்கு எதிரே போய் நின்று, வாசனையை முகர்ந்தபடி நகர மறுத்தான். அந்த வீட்டுப் பெரியவர் அவனுக்கு ரொட்டியில் ஒரு துண்டு இறைச்சியை வைத்துக் கொடுத்துவிட்டு, எனக்கு இடுப்பு ஒடுங்கிய சிறு கண்ணாடிக் குவளையில் தேநீர் ஊற்றினார். பாலில்லாத கறுப்புத் தேநீர், இரண்டு சர்க்கரைக் கட்டி. குவளை காலியானதும் கேட்காமலே மறுபடி ஊற்றுகிறார். போதும் என்பதற்குக் கரண்டியைக் குவளையின் மேல் படுக்கவைக்க வேண்டும் என்று அவர் மருமகள் சொல்லிக்கொடுப்பதற்குள் நாலு குவளை உள்ளே போய்விட்டது.

அவர் 1971இல் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அன்று முதல் இந்த வேலிக்கு அந்தப் பக்கத் தெருவில்தான் வாசம். பான் அமெரிக்கன் விமானங்கள் மொட்டை மாடிக்கு மேலே சக்கரத்தை நீட்டிக்கொண்டு வருமாம். அலமாரியில் தட்டுகள் குலுங்கும், ஜன்னல் திறந்திருந்தால் பேசுவதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்களாம். 1975இல் பயணிகள் போக்குவரத்து டேகல் விமான நிலையத்துக்கு மாறியது. "சத்தம் போனதும் வாடகை குறைவு என்று சந்தோஷப்பட்டோம். பூங்கா வந்ததும் அந்தச் சந்தோஷம் போயிற்று" என்றார். அவருடைய ஜெர்மனை மருமகள் ஆங்கிலமாக்கினாள்.

வாடகை விஷயம் வீட்டிலும் பற்றிக்கொண்டது. 2014 மே 25ஆம் தேதி இந்த நிலத்துக்காகவே ஒரு வாக்கெடுப்பு நடந்தது. நகர அரசின் திட்டம், ஓரங்களில் 4,700 வீடுகள், ஒரு பெரிய நூலகம் கட்டி, நடுவே 230 ஹெக்டேரை அப்படியே விடுவது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. மக்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 64 சதவீதம் பேர் எதையும் கட்டக் கூடாது என்ற பக்கம். அதுவே சட்டமாகிவிட்டது. இப்போது வீட்டுப் பஞ்சம் முற்றியிருப்பதால் ஓரங்களிலாவது கட்டலாமே என்று ஆளும் கூட்டணி மறுபடி பேசுகிறது.

மாப்பிள்ளை கட்டு என்கிற கட்சி. மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்குப் போகிறது, இதைவிடப் பெரிய வீடு தேடி அலுத்துவிட்டது, வானம்பாடிக்கு 300 ஹெக்டேர் வேண்டுமா என்கிறார். அக்கா மகள் விடுவதாக இல்லை. "ஓரத்தில் என்றுதான் ஆரம்பிப்பார்கள். புது விமான நிலையத்தை 2012இல் திறப்போம் என்று சொல்லி 2020இல் திறந்தவர்கள் இவர்கள். இவர்கள் காட்டும் வரைபடத்தை நம்பச் சொல்கிறீர்களா?" என்றாள். இருவருக்கும் அங்கே ஓட்டு கிடையாது என்பதை நான் நினைவுபடுத்தினேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள்.

மே 10, வெள்ளி

கட்டடத்துக்குள் வழிகாட்டியோடு போகும் சுற்றுலா. வெளியிலிருந்து பார்த்தபோது நீளமான கட்டடம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன், அது போதாது. வில்லாக வளைந்து 1.2 கிலோமீட்டர் போகிறது. ஹிட்லர் ஆட்சியில் எர்ன்ஸ்ட் சாகபீல் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. வேலை 1936இல் தொடங்கியது, போர் வந்ததால் முழுதாக முடியவே இல்லை. விமானங்கள் நிற்கும் இடத்துக்கு மேலே நாற்பது மீட்டர் அளவுக்குத் தாழ்வாரம் நீண்டிருக்கிறது, அந்த அகலத்தில் நடுவே ஒரு தூண்கூட இல்லை. பயணிகள் நனையாமல் ஏறி இறங்கலாம். கூரையின் மேல் பல்லாயிரம் பேர் உட்கார்ந்து விமான சாகசம் பார்ப்பதற்கு மேடை அமைக்கும் எண்ணம் இருந்திருக்கிறது. அதற்காக மாடிப்படிக் கோபுரங்களை வரிசையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். போர்க்காலத்தில் இங்கே பயணிகள் வரவில்லை. பிடித்துக்கொண்டு வந்த வெளிநாட்டவர்களை அடிமைகளாக வைத்து வேலை வாங்கி, பாகங்களைக் கோத்து ஸ்டூக்கா குண்டுவீச்சு விமானங்களைச் செய்தார்கள். அந்தத் தொழிலாளர்கள் அடைபட்டிருந்த கொட்டகைகள் இதே மைதானத்தின் ஓரத்தில் இருந்திருக்கின்றன.

உள்ளே பயணிகள் கூடம் அப்படியே இருக்கிறது. டிக்கெட் கவுண்டர்கள், பெட்டிகள் உருண்டு வரும் பட்டை, எல்லாம் தூசியில்லாமல். அடித்தளத்தில் குண்டுவீச்சுக்குப் பதுங்கும் அறைகள். குழந்தைகள் பயப்படாமல் இருக்கச் சுவரில் வில்ஹெல்ம் புஷ்ஷின் கேலிச்சித்திரக் கதைகளைத் தீட்டியிருக்கிறார்கள். மேல்மாடியில் அமெரிக்க ராணுவம் போட்டுக்கொண்ட கூடைப்பந்து ஆடுகளம். கட்டடத்தின் ஒரு பகுதி இப்போது பெர்லின் போலீஸ் தலைமையகம். படிகள் ஏராளம். மூட்டுவலிக்காரர்கள் யோசித்துக்கொண்டு போகவும்.

எனக்கு நின்று கேட்கத் தோன்றியது விமானப் பாலத்தின் கதை. 1948 ஜூன் 24 அன்று சோவியத் படை மேற்கு பெர்லினுக்கு வரும் ரயில், சாலை, கால்வாய் எல்லாவற்றையும் அடைத்தது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மாவும் கரியும் வானத்தின் வழியாக மட்டுமே வர வேண்டிய நிலை. 1949 மே 12 அன்று முற்றுகை விலகும்வரை, அதற்குப் பிறகும் செப்டம்பர்வரை, அமெரிக்க பிரிட்டிஷ் விமானங்கள் பறந்துகொண்டே இருந்தன. மொத்தம் 23 லட்சம் டன். அதில் பெரும்பங்கு சாப்பாடு அல்ல, நிலக்கரி. ஒரு விமானம் பத்து டன் கொண்டுவரும். இறங்கத் தவறினால் இரண்டாம் முறை வட்டமடிக்க அனுமதி கிடையாது, சுமையோடு வந்த வழியே திரும்பிவிட வேண்டும். அடுத்தது பின்னால் வந்துகொண்டிருக்கும். வருகிற ஞாயிறோடு முற்றுகை நீங்கி 75 ஆண்டு.

கெயில் ஹால்வர்சன் என்ற விமானி, வேலிக்கு வெளியே நின்ற சிறுவர்களுக்குத் தன் பையில் இருந்த இரண்டு சூயிங் கம் துண்டுகளைப் பிய்த்துக் கொடுத்தார். கிடைக்காதவர்கள் அதன் காகிதத்தை வாங்கி முகர்ந்தார்கள். மறுநாள் விமானத்திலிருந்து போடுகிறேன், இறக்கையை ஆட்டினால் அது நான் என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையில் பாராசூட் கட்டிச் சாக்லேட் போட்டார். மேலதிகாரிக்குத் தெரியாமல். தெரிந்தபோது திட்டு கிடைத்தது, பிறகு அதுவே பெரிய ஏற்பாடாக வளர்ந்தது. அந்த மனிதர் 2022இல், 101 வயதில் காலமானார். நேற்று அடுப்புக்கு எதிரே நின்று முகர்ந்த பேரனிடம் இதைச் சொன்னேன். எந்தச் சாக்லேட் என்று கேட்டான்.

வாசலில் நினைவுச் சின்னம் இருக்கிறது. மேற்கு நோக்கி வளைந்த மூன்று காங்கிரீட் விலாக்கள், அந்த விமானங்கள் வந்துபோன மூன்று வான்வழிகளுக்காக. அடியில் அந்தப் பணியில் இறந்தவர்களின் பெயர்கள். உள்ளூர்க்காரர்கள் அதைப் பசி வாரி என்கிறார்கள்; வாரி என்றால் சருகு வாரும் பல்வைத்த கோல். கொலம்பியாடாம் சாலையில் இன்னொரு சின்னமும் உண்டு, அங்கே பெரும்பாலும் யாரும் நிற்பதில்லை. கொலம்பியா இல்லம் என்ற சிறை இருந்த இடத்துக்காக வைத்தது. 1933இலிருந்து ரகசிய போலீஸின் கையில் இருந்து, பிறகு வதைமுகாமாகி, 1936 இறுதியில் மூடப்பட்டது. இந்தப் பெரிய கட்டடத்துக்காக அதை இடித்துவிட்டார்கள். பக்கத்தில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரைத் தவிர அங்கே நான் மட்டும்தான்.

மாலையில் வெள்ளிக்கிழமை என்பதால் கோயில். மைதானத்துக்குப் பக்கத்திலேயே ஹாசன்ஹைட பூங்கா ஓரம் பிள்ளையாருக்குக் கோபுரத்தோடு ஒரு கோயில், பல வருடங்களாகக் கட்டுகிறார்கள். நாங்கள் போனது பிரிட்ஸில் ஈழத்தமிழர்கள் எழுப்பிய மயூரபதி முருகன் கோயிலுக்கு. பிரசாதம் சர்க்கரைப் பொங்கல், சுண்டல். கையில் வாங்கியதும் எனக்குப் பேச்சு வரவில்லை. டோனருக்குப் பிறகு நாக்கு அப்படி ஏங்கியிருந்தது.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். "அண்ணை எந்த ஊர்?" என்று தொடங்கினார். 1985இல் வந்தவர். கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி ஃப்ரீட்ரிஷ் தெரு நிலையம் வழியாக மேற்குக்குள் வந்திருக்கிறார். கிழக்கிலிருந்து வருகிறவர்களை மேற்கு அதிகாரிகள் அங்கே நிறுத்திச் சோதிப்பதில்லை. சோதித்தால் அதை எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த வருட நடுவில் கிழக்கு ஜெர்மனி தமிழர்களுக்கு அந்த வழியை அடைத்துவிட்டது. இவர் அதற்குச் சில வாரங்கள் முன்பு வந்துவிட்டார். "எனக்குப் பிறகு கிளம்பின மச்சான் மொஸ்கோவோடு திரும்பினவன்" என்றார்.

டெம்பல்ஹோஃப் பற்றிக் கேட்டேன். 2015 அக்டோபரில் சிரியா, ஆப்கானிஸ்தான் அகதிகளை அந்த விமானக் கொட்டகைகளுக்குள் தங்கவைத்தபோது, கம்பளிகள் கொண்டுபோய்க் கொடுத்தாராம். ஈராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். தடுப்பு வைத்த அறைகள், ஆனால் மேலே கூரை கிடையாது. ஒரு குழந்தை இருமினால் கொட்டகை முழுக்கக் கேட்கும். பேசிக்கொண்டே என் இலையில் இன்னொரு கரண்டி சுண்டல் போடச் சொன்னார். ஒரு காலத்தில் கிழக்கிலிருந்து தப்பி வந்த ஜெர்மானியர்களையும் மேற்கு ஜெர்மனிக்கு அனுப்பியது இதே நிலையத்திலிருந்துதான். பூங்காவுக்குப் போவீர்களா என்றேன். பேத்தியைப் பட்டம் விடக் கூட்டிப்போவேன், அந்தக் கொட்டகைப் பக்கம் மட்டும் போவதில்லை என்றார்.

மே 11, சனி

காலையில் எழுந்தால் வீட்டில் துக்கம். ராத்திரி வானத்தில் துருவ ஒளி தெரிந்திருக்கிறது. பெர்லின் வரைக்கும் இளஞ்சிவப்பும் பச்சையுமாக. எங்களைத் தவிர எல்லாரும் பார்த்துப் படம் போட்டிருந்தார்கள். வெளிச்சமில்லாத வெட்டவெளி மூன்று தெரு தள்ளிக் கிடக்கிறது, ஆனால் இருட்டினால் அதைப் பூட்டிவிடுவார்கள். காவலர்கள் வண்டியில் வந்து, மிச்சமிருப்பவர்களை விளக்கடித்து வெளியேற்றுவதை நானே பார்த்தேன். எத்தனை பேர் வேலியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்களோ.

கடைத்தெருவில் வெள்ளை ஆஸ்பாரகஸ் குவித்திருந்தார்கள். இது அதற்கான பருவம். கிலோ 12 யூரோ. ஆளாளுக்கு ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். வெண்ணெய்ச் சாற்றில் முக்கித் தின்பது வழக்கமாம். அக்கா மகள் தோலைச் சீவித் துண்டுபோட்டுத் தேங்காய் போட்டுப் பொரியல் செய்தாள். முருங்கைக்காய்க்கும் வாழைத்தண்டுக்கும் நடுவில் ஒரு ருசி. ஆயிரம் ரூபாய்க்கு அவ்வளவுதான்.

சாயங்காலம் மாப்பிள்ளை வரைபடத்தை மேஜைமேல் விரித்தார். "மாமா, நீங்கள் தொழில் தெரிந்தவர். உணர்ச்சியை விட்டுவிட்டுச் சொல்லுங்கள்" என்றார். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் கையில் பென்சிலும் எதிரே வரைபடமும் இருந்தால் நான் சும்மா இருந்ததில்லை. கிழக்கு ஓரம் வேண்டாம், தோட்டமும் ஜனமும் அங்கேதான். நடுப்பகுதியைத் தொடவே கூடாது. தெற்கே ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் ஓடுகின்றன. அங்கே எப்படியும் இரைச்சல்தான், நடக்கிறவர்களும் குறைவு. அந்த ஓரத்தில் ஒரு பட்டை, எழுபது ஏக்கர் வரும். கல் நட்டு, பத்திரத்தில் எல்லை எழுதி, அதற்கு வடக்கே ஒரு அடி வரக் கூடாது என்று சட்டமும் போட்டுக் கட்டலாம் என்றேன். என் கருத்து அதுதான். இவ்வளவு பேர் வீடு தேடி அலையும் ஊரில் ஒரு பட்டையாவது கொடுக்கலாம்.

"எல்லைக் கல் நட்டால் நகராது, அப்படித்தானே மாமா?" என்றாள் அக்கா மகள். நில அளவைத் துறையில் இருந்தவனைக் கேட்கிற கேள்வியா அது. பதில் சொல்லவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் மாப்பிள்ளைக்கும் எனக்கும் ரசம் வந்தது, அப்பளம் வரவில்லை. பத்து மணிக்கு ஊரிலிருந்து அக்கா போன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை. "பிள்ளை விளையாடுகிற இடத்தில் வீடு கட்டச் சொன்னாயாமே?" என்றாள்.